கயிறு செய்தவளும் பை செய்தவனும்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் தொழிற்பேட்டைச் சங்கச் செயலாளர் அண்ணன் வீரராகவன் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தொழிலதிபர்களே, மனைவியை இழந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னசாமி அவர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, மாங்காட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் வாசல் வரை நிற்கும் உங்கள் அத்தனை பேருக்கும் கஜபதியின் கனத்த வணக்கம்.

இதே குமணன்சாவடியில், இதே மண்டபத்தில்தான் என்னுடைய அறுபதாம் கல்யாணம் நடந்தது. அன்றைக்கு இந்த நாற்காலிகளில் பாதி காலியாகக் கிடந்தன. இன்றைக்கு நாற்காலி போதாமல் பக்கத்து மண்டபத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். சாப்பாடு போட்டுக் கூப்பிட்டும் எனக்கு வராத கூட்டம், ஒரு வாய் காப்பிகூட இல்லாத இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறது. எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

சிரிக்காதீர்கள். உண்மையைத்தான் சொல்கிறேன். இரங்கல் உரை என்றால் புகழ்ந்து பேச வேண்டும் என்று அண்ணன் வீரராகவன் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். புகழத்தான் போகிறேன். ஆனால் ஹேமாவதி அம்மையாரை நான் வாழ்நாள் முழுவதும் எந்தக் கண்ணால் பார்த்தேனோ அந்தக் கண்ணால் பார்த்துத்தான் புகழ முடியும். வேறு கண் எனக்கு இல்லை.

சங்கத்தின் தலைவன் என்ற முறையில் "அம்மையார்" என்றேன். படிக்கிற காலத்திலிருந்து "ஹேமா" என்று கூப்பிட்ட வாய் இது. சின்னசாமி அவர்களே, உங்கள் அனுமதியோடு இனிமேல் ஹேமா என்றே சொல்கிறேன். தலையாட்டுகிறார். நன்றி.

கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் படிக்க ஒரே வருடம் சேர்ந்தோம். மாங்காட்டில் கத்திரியும் வெண்டையும் பயிரிட்ட குடும்பத்துப் பெண் அவள். குமணன்சாவடியில் சைக்கிள் கடைக்காரர் மகன் நான். ஒரே பேருந்தில்தான் போவோம். அவளுக்கு உட்கார இடம் கிடைக்கும், எனக்குக் கிடைக்காது. அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஒருநாள் செய்முறைத் தேர்வு. பெயர் எழுதாத நூல்களைக் கையில் கொடுத்து, எது என்ன நூல் என்று கண்டுபிடிக்கச் சொன்னார் ஆசிரியர். கையில் ஒரு மெழுகுவத்தி, அவ்வளவுதான். நெருப்பில் காட்டினேன். ஒன்று முடி கருகும் வாடை அடித்தது: கம்பளி. ஒன்று நெருப்பைக் கண்டதும் சுருங்கி, உருகி, கெட்டியான மணியாக நின்றது: நைலான். ஒன்று கரும்புகை விட்டு உருகியது: பாலியெஸ்டர். மீதி இரண்டு நூல்களும் காகிதம் எரிகிற வாடை அடித்துச் சாம்பலாகிவிட்டன. இரண்டும் பருத்தி என்று எழுதிவிட்டு, எல்லாருக்கும் முன்னால் வெளியே வந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

ஹேமா என்ன செய்தாள் தெரியுமா? எரித்துப் பார்த்ததோடு விடவில்லை. இரண்டு நூல்களின் மிச்சத்தையும் தண்ணீரில் நனைத்தாள். பிடித்து இழுத்தாள். ஒன்று தாங்கியது. இன்னொன்று பட்டென்று அறுந்தது. அறுந்தது ரேயான். மரக்கூழில் செய்கிற நூல், அதனால்தான் பருத்தியைப் போலவே எரியும். ஆனால் நனைந்தால் பலம் போய்விடும். நனைத்துப் பார் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நனைக்கக் கூடாது என்று எனக்கும் யாரும் சொல்லவில்லை! எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது. திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன்.

"எப்படி ஹேமா தோணிச்சு?"

"எங்கம்மாவோட ரேயான் புடவை, துவைக்கும்போது கிழிஞ்சுது கஜா. அதான்."

அன்று இரவு வீட்டில் நான் சாப்பிடவில்லை.

படிப்பு முடிந்தது. இரண்டு பேரும் சில காலம் சம்பளத்துக்கு வேலை பார்த்தோம். பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு கூடம் வாடகைக்குப் பிடித்தோம். அவள் நைலான் கயிறு திரிக்க ஆரம்பித்தாள். நான் கடைகளுக்குத் தூக்குப்பை செய்ய ஆரம்பித்தேன். எது வேகமாக விற்கும்? பைதான்! முதலில் கார் வாங்கியது நான். முதலில் வீடு கட்டியது நான். காய்கறிக் கடை, மருந்துக் கடை, கறிக்கடை, எங்கே பார்த்தாலும் என் பைதான் தொங்கும். ஆனால் மரியாதை? மரியாதை அவளுக்குத்தான் போனது. "கயிறு கம்பெனி மேடம் வர்றாங்க" என்று எழுந்து நிற்பார்கள். என்னைப் பார்த்தால், "கவர்காரர் வந்திருக்கார்" என்பார்கள்.

ஒருநாள் பொறுக்க மாட்டாமல் அவளிடமே சண்டைக்குப் போனேன். "உன் கயிறும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருது, என் பையும் பெட்ரோலியத்திலிருந்துதான் வருது. ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க ரெண்டும். நீ மட்டும் எப்படி உசத்தி?" என்று கேட்டேன்.

சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"உசத்தி ஒண்ணும் இல்ல கஜா. உன் பை கடையிலேருந்து ஊட்டுக்குப் போற வரைக்கும் வாழுது. என் கயிறு பல வருஷம் உழைக்குது. அவ்வளவுதான் வித்தியாசம். தூக்கிப் போட்டப்புறம் ரெண்டும் ஒண்ணுதான். மண்ணு ரெண்டையும் தின்னாது."

சண்டைக்குப் போனவனிடம் தன் குறையைத் தானே சொல்லிக் கொடுத்துவிட்டால், அவன் என்னதான் செய்வான்? திரும்பி வந்தேன்.

பிறகு அந்த மழை வந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர். உங்களில் எத்தனை பேர் அந்த மழையில் மொட்டை மாடியில் நின்றீர்கள்? கையைத் தூக்க வேண்டாம், தெரியும். மாங்காட்டுக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரு நகருக்குள் தண்ணீர் மார்பளவு புகுந்துவிட்டது. காலையில் ஹேமா எனக்குத் தொலைபேசியில் பேசினாள். "கஜா, உன் லாரி உசரம். என் கயித்தையெல்லாம் ஏத்திகினு சீக்கிரம் வா."

போனேன். ஏன் போனேன்? மக்களைக் காப்பாற்ற என்று சொன்னால் மேடைக்கு அழகாக இருக்கும். அவள் மட்டும் போய்ப் பேர் வாங்கிவிடக் கூடாது என்பதும் அதில் இருந்தது.

அங்கே அவள் நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். இடுப்பில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றாள். லாரியிலிருந்து இரண்டு வகைக் கயிறுகளை இறக்கச் சொன்னாள். மஞ்சள் கயிறு பாலிபுரொப்பிலீன், தண்ணீரில் மிதக்கும். அதை மாடியில் நிற்பவர்களை நோக்கி வீசச் சொன்னாள். மிதந்து போன கயிற்றை அவர்கள் எட்டிப் பிடித்துக்கொண்டார்கள். அதன் முனையில் வெள்ளை நைலான் கயிற்றைக் கட்டி அவர்களை இழுத்துக்கொள்ளச் சொன்னாள். அந்த முனையை மாடித் தூணில் கட்டியாயிற்று. இந்த முனை லாரியின் கொக்கியில். லாரிக்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நான். ஒவ்வொருவராகக் கயிற்றைப் பற்றிக்கொண்டு வரத் தொடங்கினார்கள்.

அதோ, நான்காவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே வேம்புலியம்மாள், இட்லிக்கடைக்காரர், அவர் மட்டும் வர மறுத்துவிட்டார்.

"இன்னாம்மா, இந்தக் கவுறு என்னை இஸ்துகினு போயி அந்தாண்ட வுடுமா, இல்ல தண்ணிக்குள்ள வுடுமா?"

"அறுந்துச்சுன்னா மேல வந்து என்னைத் திட்டு. இப்ப கையை இறுக்கிப் புடி!"

"அறுந்தா நான் எங்கடி மேல வர்றது!"

அப்படித் திட்டிக்கொண்டேதான் இறங்கினார். பாதி வழியில் வரும்போது, எங்கிருந்தோ ஒரு குளிர்சாதனப் பெட்டி மிதந்து வந்து கயிற்றில் மோதியது. கயிறு வில்லாக வளைந்தது. என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. எல்லாரும் அலறினோம். ஹேமா மட்டும், "விடாதே! நைலான் நீளும், அறாது! விடாதே கஜா!" என்று கத்தினாள். நீண்ட கயிறு மெல்ல மெல்லச் சுருங்கிப் பழைய நிலைக்கு வந்தது. வேம்புலியம்மாள் கரைக்கு வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். சணல் கயிறாக இருந்திருந்தால்? நினைக்கவே வேண்டாம்.

கட்டிக்கொண்டது அவளை. என் கையைப் பார்த்து ஒருவரும் கேட்கவில்லை!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மழை நின்ற பிறகும் தண்ணீர் வடியவில்லை. ஏன் வடியவில்லை? சிறுபாலம் ஒன்று அடைத்துக் கிடந்தது. ஊர்ப் பிள்ளைகள் இறங்கி உள்ளேயிருந்து வாரி வாரி வெளியே போட்டார்கள். என்ன வந்தது தெரியுமா? பை. மூட்டை மூட்டையாகப் பை. தூக்குப்பையில் தயாரித்தவர் பெயர் அச்சடிக்க வேண்டும் என்பது சட்டம். நான் சட்டத்தை மதிக்கிறவன். அழகாக அச்சடித்திருந்தேன்.

"டேய், பேரப் பார்றா! கஜபதி பாலிமர்ஸ்!"

"யாரு, நேத்து கவுறு புடிச்சிகினு இருந்தாரே, அவுரா?"

"அவுரேதாண்டா!"

நான் அங்கேதான் நின்றேன். அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அப்போது ஹேமா என்ன செய்தாள்? அந்தச் சேற்றுக் குவியலுக்குள் கையை விட்டாள். துழாவினாள். நைந்து போன கயிற்றுத் துண்டு ஒன்றை உருவி எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

"என் கயிறும் இதுல கீது, பாருங்க. கயித்துல பேர் அச்சடிக்கறதில்ல. அதான் நான் தப்பிச்சிகினேன்."

சொல்லுங்கள், அவளுக்கு என்ன தேவை? பேசாமல் நின்றிருந்தால் யாருக்குத் தெரியும்? ஊரே அவளை வாழ்த்திக்கொண்டிருந்த நேரம் அது. பழியைக்கூட என்னைத் தனியாகச் சுமக்க விடவில்லை! அதிலும் வந்து பங்கு கேட்டாள்! இப்படி ஒரு மனுஷியைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படாமல் இருக்க முடியுமா?

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. ஆங்கில வருடப் பிறப்பன்று என் இயந்திரங்கள் நின்றன. உங்களில் பலரும் அந்த நாளை மறந்திருக்க மாட்டீர்கள். கூடத்துக்குள் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. தடை தப்பு என்று இதே சங்கத்தில் உரக்கப் பேசினேன். பேசிவிட்டு வீட்டுக்குப் போனால், குப்பைத் தொட்டி ஓரத்தில் ஒரு பசுமாடு பையோடு சேர்த்து மிச்சச் சோற்றை மென்றுகொண்டிருந்தது.

சில நாளில் ஹேமா வந்தாள். அவளாகவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கஜா, செந்நீர்குப்பம் வரைக்கும் பார், எத்தனை அடுக்குமாடி வந்திருக்கு! ஒரு ஊட்டுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு பால் கவர்னு வெச்சாலும் எவ்ளோ சேரும்! சுத்தமான சரக்கு. கழுவி, வெட்டி, உருக்கினா அரிசி மாதிரிச் சின்னக் குருணை ஆயிடும். அதுலேருந்து வயலுக்குக் குழாய் இழுக்கலாம். ஸ்விட்ச்சும் குக்கர் கைப்பிடியும் ஒருவாட்டி இறுகினா இறுகினதுதான், மறுபடி உருகாது. உன் சரக்கு அப்படியா? எத்தனை வாட்டி வேணா உருகும். அது உன் சரக்கோட பலம்தானே?"

நல்ல யோசனை. மிக நல்ல யோசனை. அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. நான் சரி என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? "ஹேமாவதி கைதூக்கி விட்டாங்க, கஜபதி பொழைச்சுக்கிட்டார்" என்று சொல்லும். "உன் யோசனை எனக்கு வேண்டாம், நீ உன் கயித்தைப் பாரு" என்றேன். கோபித்துக்கொள்ளவில்லை. தேநீரைக் குடித்து முடித்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒருநாள் என் இயந்திர ஓட்டுநர் பச்சையப்பன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"மொதலாளி, கோச்சிக்காதீங்க. அந்தம்மா எங்கள வேலைக்குக் கூப்டுது. இங்க மெஷினு தூங்கிகினு கீது. நாங்களும் எத்தினி நாளைக்கு மூஞ்சிய மூஞ்சிய பாத்துகினு குந்திகினு இருக்கறது?"

"போ" என்றேன்.

"இன்னொண்ணும் சொல்லிச்சு மொதலாளி. உங்க மொதலாளி எப்ப மெஷின ஓட்டறாரோ, அன்னிக்கே திரும்பிப் போயிடணும், இல்லாட்டி நானே தொரத்திடுவேன்னு சொல்லிச்சு."

என் ஆட்களுக்கு அவள் வேலை கொடுத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அந்தக் கடைசி வார்த்தையைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். நான் மறுத்த வேலையை அவளே ஆரம்பித்தாள். அடுக்குமாடிகளிலிருந்து பால் கவர்கள் வந்து குவிந்தன. புளித்த பால் நாற்றம் தொழிற்பேட்டை முழுவதும் பரவியது. பக்கத்துக் கூடத்துக்காரர்கள் சங்கத் தலைவனான என்னிடம் வந்து புகார் சொன்னார்கள். ஐயா, அன்றைக்கு என் மனசுக்குள் நாதஸ்வரம் வாசித்தது! ஹேமாவதி மேல் புகார்! விசாரிக்க வேண்டியவன் நான்! வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

உள்ளே பச்சையப்பன் ஒரு குழாயைத் தூக்கிக் காட்டினான். "பைப்பு வர்ற மாதிரி வந்து, ஓட்ட ஓட்டையா பூடுது மொதலாளி." குழாய் முழுவதும் கொப்புளம். ஹேமா பக்கத்தில் வியர்த்து நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சோர்வு. அப்படி அவளை நான் பார்த்ததே இல்லை. இரண்டு வார்த்தை குத்திப் பேசிவிட்டுப் போகலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். குருணையைக் கையில் அள்ளினேன். அவ்வளவுதான், எல்லாம் மறந்துவிட்டது.

"ஹேமா, ஈரம் போகவே இல்ல. கவர் மெல்லிசு, மடிப்புக்குள்ள தண்ணி நிக்குது. உருகும்போது ஆவியாகிக் கொப்புளம் போடுது. உன் கயித்து மெஷின் இதுக்கு ஆகாது. என் மெஷின்ல…"

நிறுத்திவிட்டேன்.

"உன் மெஷின்ல?"

கூடமே என்னைப் பார்த்தது.

"வரும்" என்றேன்.

மறுநாள், குருணையை முழுக்க உலர்த்தி, குழாய் அச்சைப் பூட்டி, என் கூடத்தில் இயந்திரம் ஓடியது. அவள் சொன்னபடியே பச்சையப்பன் தன் ஆட்களோடு திரும்பி வந்தான். ரொம்ப நாள் கழித்து அவளிடம் கேட்டேன்: "என்னை வரவழைக்கத்தானே வேணும்னே தப்பாப் பண்ணே?" அவள் சிரிக்கவில்லை. "இல்ல கஜா. உண்மையாவே எனக்குத் தெரியல. உன் தொழில் எனக்குத் தெரியாது" என்றாள்.

தெரியாது! எவ்வளவு லேசாகச் சொன்னாள்! வாழ்க்கையில் ஒருமுறையாவது அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று நான் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று முயன்றேன். வரவில்லை ஐயா.

செய்தித்தாளில் போட்டார்கள். "பால் உறையில் பாசனக் குழாய்: பெண் தொழிலதிபர் சாதனை." படத்தில் என் இயந்திரம் இருந்தது. அதன் பக்கத்தில் ஹேமா. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நான். அவளே எனக்குப் போன் செய்தாள். "உன் வயிறுதான் வந்திருக்கு கஜா, மூஞ்சி வரல. அந்த நிருபரைக் கூப்பிட்டு நல்லாத் திட்டிட்டேன்" என்றாள்.

அதன் பிறகு இந்தச் சங்கம் அவளுக்குத் "தொழிற் செம்மல்" பட்டம் கொடுத்தது. பொன்னாடை போர்த்த வேண்டியது தலைவன். யார் தலைவன்? நானேதான்! பல்லைக் கடித்துக்கொண்டு போர்த்தினேன். அவள் கைதட்டலுக்கு நடுவே பொன்னாடையின் நுனியை விரலால் தேய்த்துப் பார்த்து, என் காதோரம் சொன்னாள்: "பட்டு இல்ல கஜா. பாலியெஸ்டர். ஜரிகைகூட பிளாஸ்டிக்தான். நம்ம இனம்!" அந்த மேடையில் என்னையும் சேர்த்து "நம்ம" என்று சொன்னாள்.

அவள் பேசினால் ஏன் எல்லாரும் கேட்டார்கள்? இதை நான் வெகுகாலம் ஆராய்ந்திருக்கிறேன். செந்நீர்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கூட்டம். என்னையும் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். கணினி நிறுவனத்தில் வேலை செய்கிற தம்பி அபிஷேக் எழுந்து, "மேடம், நீங்களே நைலான் ஃபேக்டரி வெச்சிருக்கீங்க. அப்புறம் எங்களுக்கு மட்டும் எதுக்கு அட்வைஸ்?" என்று கேட்டார்.

எனக்குப் பயங்கர சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

"விக்கறவ நானே சொன்னா நம்புவீங்களேன்னுதான் வந்தேன் தம்பி. நீங்க போட்டிருக்கறது பாலியெஸ்டர். கசங்காது, சட்டுனு காயும், பூச்சி அரிக்காது. நல்ல துணி. தூக்கிப் போடச் சொல்லல, கிழியற வரைக்கும் போடுங்க. ஆடித் தள்ளுபடின்னு வருஷா வருஷம் புதுசா வாங்கிக் குவிக்காதீங்க. ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத நூல் உதிருது. அது சாக்கடை வழியா ஏரிக்குப் போகுது, மீன் வயித்துக்குப் போகுது. மெஷின் தண்ணி வெளிய போற எடத்துல ஒரு வலை வடிகட்டி மாட்டுங்க. அடுப்புகிட்ட நிக்கறவங்க மட்டும் பருத்தி போடுங்க. நெருப்புப் பட்டா இந்தத் துணி உருகித் தோலோட ஒட்டிக்கும். என் தொழிற்சாலையில அப்படி ஒரு கையைப் பாத்திருக்கேன். மறக்க முடியல."

அபிஷேக் உட்கார்ந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை பால் கவர் சேகரிக்க முதல் ஆளாக வந்து நின்றார். இன்றைக்கும் பின்வரிசையில் நிற்கிறார், பாருங்கள். நான் ஒரு மணி நேரம் பேசினால் கொட்டாவி விடுகிற ஊர் இது! அவள் நாலு வார்த்தை பேசினால் எழுந்து வருகிறது! ஏன்? அவள் பிளாஸ்டிக்கைத் திட்டவில்லை. அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடவும் இல்லை. அது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று பிரித்துச் சொன்னாள். நான் என் வாழ்நாளில் பாதியை அதைக் காப்பாற்றிப் பேசியே கழித்தேன்.

நோயை அவள் என்னிடம் சொல்லவில்லை. நுரையீரல் கெட்டு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் சின்னசாமி எனக்குத் தகவல் சொன்னார். மாலை பார்வை நேரத்தில் போனேன். போகும் வழியெல்லாம் கோபம். எனக்கு முன்னால் யாருக்கெல்லாம் சொன்னாள் என்று எண்ணிக்கொண்டே போனேன். அறைக்குள் நுழைந்ததும் கோபம் நின்றுவிட்டது.

மூக்கில் குழாய். கையில் குழாய். தலைக்கு மேலே தொங்கும் மருந்துப் பை. மூச்சுக்கருவியின் முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு, என்னைப் பக்கத்தில் வரச் சொன்னாள்.

"பார்த்தியா கஜா… சுத்தி அத்தனையும் உன் சரக்கு. குழாய், பை, ஊசி, முகமூடி. இதுல எதுக்காவது என் கயிறு ஆகுமா? உன் சரக்குதான் என்னை இழுத்துப் புடிச்சிகினு கீது."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்: "ஜெயிச்சுட்டே போ."

எத்தனை வருடங்கள் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன்! பேருந்தில் நின்ற நாளிலிருந்து காத்திருந்தேன்! ஒரே ஒருமுறை ஹேமாவதி என் பக்கம் உசத்தி என்று சொல்ல வேண்டும் என்று எத்தனை ஆசைப்பட்டேன்! சொன்னாள். அந்த இடத்திலா சொல்ல வேண்டும்? அப்படியா சொல்ல வேண்டும்? எனக்கு அந்த வெற்றி வேண்டாம் ஐயா. திருப்பி எடுத்துக்கொள் என்று சொல்ல நினைத்தேன். முகமூடியை எடுத்து அவள் முகத்தில் சரியாகப் பொருத்திவிட்டேன். அது நழுவாமல் பிடித்துக்கொண்டே, தாதி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும் வரை நின்றேன்.

நான்கு நாளில் போய்விட்டாள்.

அன்பான பெருமக்களே! அவள் முடிக்காமல் விட்ட வேலை ஒன்று இருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் கிழிந்த நைலான் வலைகளை ஏரியிலேயே விட்டுவிடுகிறார்கள். நைலான் நைந்துபோகுமே தவிர மக்காது. வலை தண்ணீருக்குள் கிடந்து, ஆள் இல்லாமலே மீன் பிடிக்கும், நாரையின் காலைப் பிடிக்கும். அந்தப் பழைய வலைகளை வாங்கி வந்து உருக்கி மறுபடி இழையாக்க வேண்டும் என்று ஹேமா இந்த வருடம்தான் தொடங்கினாள். பாதியில் நிற்கிறது. போன வாரம் நான் மட்டும் போய்ப் பேசிப் பார்த்தேன். ஏரிக்கரையில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்தம்மா வந்தா குடுப்போம். நீ யாரு நைனா?" என்று கேட்டார்.

நான் யார்? நல்ல கேள்வி. எனக்குத் தெரியாது என்றேன். ஆமாம், சொன்னேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பிறகு, "அந்தம்மாகூடப் படிச்சவன்" என்றேன். ஒரு வலையைத் தூக்கி என் வண்டியில் போட்டார். ஒன்றுதான். மீதியை நான் சம்பாதிக்க வேண்டும்.

ஆகவே இந்த அவையில், அவள் படத்துக்கு முன்னால், நான் உறுதி சொல்கிறேன். அந்த வேலையை நான் செய்வேன். பால் கவர் சேகரிப்பு நிற்காது. அவள் கூடத்தில் ஒரு தொழிலாளிகூட வெளியே போக மாட்டார். கயிறு திரிப்பதை அவள் ஆட்களிடம் உட்கார்ந்து நான் கற்றுக்கொள்வேன். இது அவள் மேல் உள்ள பாசத்தால் மட்டும் செய்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அவளைவிட நன்றாகச் செய்ய வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருக்கிறது. அவள் இருந்தவரைக்கும் முடியவில்லை. இப்போதும் முடியுமா தெரியவில்லை. ஆனால் முயல்வேன்.

வரும் சனிக்கிழமை காலை என் லாரி குமணன்சாவடியிலிருந்து ஏரிக்குக் கிளம்பும். வர விரும்புகிறவர்கள் ஏறிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு நிபந்தனை. கரையில் நான் வலை இழுத்துக்கொண்டு நிற்கும்போது, "அந்தம்மா இருந்திருந்தா இதை வேற மாதிரி செஞ்சிருக்கும்" என்று யாரும் என் காதில் விழும்படி சொல்லக் கூடாது.

சரி, போகட்டும். சொல்லுங்கள். நானும் அப்போது அதையேதான் நினைத்துக்கொண்டு நிற்பேன்.